இரண்டே முக்கால் சுற்று

அம்மாவின் விரல்களை ரேடியோவின் குமிழிலிருந்து பிரித்தெடுக்க நர்ஸம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூட்டு வீங்கிய விரல்கள். உயிரோடு இருந்தபோதே லேசில் நிமிராதவை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தவள், கட்டைவிரலுக்கு வந்ததும், "குடுங்கம்மா, குடுத்துடுங்க" என்று பழக்கதோஷத்தில் கேட்டும்விட்டாள். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது உறைத்து வாயை மூடிக்கொண்டாள்.

சின்னவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரியைச் சின்னவள் என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு அப்புறம் யாரும் பிறக்கவில்லை, அதனால் பட்டம் கைமாறவே இல்லை. மின்சார மீட்டர்களைச் சோதித்து, ஒழுங்காக ஓடினால் ஈயத்தில் சீல் போட்டு அனுப்புகிற இடத்தில் அவளுக்கு வேலை. செய்தி வந்ததும் மேலே போட்டிருந்த வேலை அங்கியைக்கூடக் கழற்றாமல் கிளம்பி வந்திருந்தாள். அங்கிப் பையில் சீல் போடும் குறடு கனத்துக்கொண்டு தொடையில் இடித்தது.

"எப்போ?" என்றாள்.

"பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும். தூங்குறாங்கன்னுதான் நெனச்சேன்."

சின்னவள் தலையாட்டினாள். அழுகை வரும் என்று பஸ்ஸில் ஏறியதிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறாள். வருகிற வழியாக இல்லை. அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், இன்னும் சூடு முழுக்கப் போகவில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். ஜன்னல் திரை பாதி திறந்திருந்தது, அதை முழுக்கத் திறந்தாள், பிறகு எதற்காகத் திறந்தோம் என்று தெரியாமல் மறுபடி பாதியாக்கினாள்.

"ரேடியோ?" என்று கேட்டாள்.

நர்ஸம்மா தலையணை உறையின் நுனியை நீவிவிட்டாள். "கேட்டாங்கம்மா. நல்லா கேட்டாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு அவளுக்குள் இறங்கியது. மற்றதெல்லாம் வெளியே நின்றுவிட்டது. கேட்டாள். மூன்று மாத வேலை வீண்போகவில்லை. அம்மா போய்விட்டாள் என்பது அதற்கு அப்புறம்தான், அதுவும் யாரோ பக்கத்து அறையில் சொல்வதைப்போலக் காதில் விழுந்தது.

அந்த ரேடியோ அப்பா வாங்கியது. தோல் உறை, மேலே தோல் பிடி, முன்பக்கம் துளைத்துளையாக இருக்கிற தகடு, அதற்கு மேல் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு முள். பக்கவாட்டில் நிலையம் மாற்றப் பல் வெட்டிய குமிழ் ஒன்று, அதற்கு அடியில் சத்தத்துக்குச் சின்னதாக இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் நின்றுபோனது. நின்ற வாரமே அண்ணன் ஒரு புது ரேடியோவோடு வந்து இறங்கினான். பளபளவென்று, எல்லாம் பட்டன். அம்மாவுக்குப் பத்து வருஷமாகப் பார்வை கிடையாது, வெளிச்சம் இருட்டு தெரியும், அவ்வளவுதான். புதுசை ஒரு தடவை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாமே ஒரே மாதிரி இருக்கு. என் கை எங்க இருக்குன்னு எனக்கே தெரியல" என்று ஓரம்கட்டிவிட்டாள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். எதையும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவான். புது ரேடியோவைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அம்மாவுக்குத் தேவை ஒரே ஒரு நிகழ்ச்சிதான். தினமும் காலை பத்தரைக்குக் கால் மணி நேரம். ஒரு பெண் குரல், யார் யாரோ எழுதிய கடிதங்களை எடுத்துப் படிக்கும். தங்கச்சி கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, பக்கத்து வீட்டு மரம் எங்கள் கூரை மேல் சாய்கிறது, வாங்கிக்கொண்டு போன ஏணி இரண்டு வருஷமாகத் திரும்பி வரவில்லை. ஊர்வம்பு என்றாலே தனக்கு ஆகாது என்று சொல்லிக்கொள்கிற அம்மா, இதை மட்டும் ஒன்று விடாமல் கேட்பாள். ஏன் என்று கேட்டால், இது வம்பு இல்லையாம், தபாலாம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். சின்னவள் ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வருவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. புருஷன் என்று ஒருவர் இருந்தார், இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார். பகலுக்கு நர்ஸம்மா, மற்ற நேரத்துக்குச் சின்னவள் என்று ஏற்பாடாயிற்று. வந்த முதல் வாரமே அம்மா பேச்சை எடுத்தாள்.

"அந்த ரேடியோவைச் சரி பண்ணிக் குடு. நீதான் மீட்டரெல்லாம் பாக்குறவளாச்சே."

"மீட்டர் வேற, ரேடியோ வேறம்மா."

"ரெண்டுலயும் கரண்டுதானே ஓடுது?" என்று அம்மா கேட்டாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி மட்டும் பண்ணு. எதையும் மாத்தி வெச்சுடாத" என்றாள்.

பழைய பெட்டியைப் புதுசு மாதிரி ஆக்கிவிடப் போகிறாள் என்று அம்மா பயப்படுவதாகச் சின்னவள் எடுத்துக்கொண்டாள். அதனால் தோல் உறையை மாற்றவில்லை. தையல் விட்ட இடத்தில் மட்டும் மெழுகு தடவிய நூலால் பழைய துளைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தாள். ஒரு மூலையில் அண்ணன் சின்ன வயதில் பல்லால் கடித்த தடம் இருந்தது, அதைக்கூட அப்படியே விட்டாள்.

உள்ளேதான் கோலம் கெட்டுக் கிடந்தது. பேட்டரி ஒழுகி, தகடெல்லாம் பச்சை பூத்து, கம்பி ஒன்று அரித்துத் தூளாகியிருந்தது. வினிகரில் பழைய பல் துலக்கும் பிரஷை நனைத்து நாலு சாயங்காலம் தேய்த்தாள். கண்டென்சர்கள் காய்ந்துபோயிருந்தன, ஆறில் நாலை மாற்றினாள். ஸ்பீக்கரின் காகிதத்தில் ஒரு கிழிசல், அதற்கு மெல்லிய தாளும் பசையும். வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று மண்ணை அள்ளிப் போடுகிற சத்தம், அதற்கு ஒரு வாரம். அவள் சால்டரிங் வைக்கும்போது கிளம்புகிற புகை அம்மாவின் அறை வரை போகும். "இன்னிக்கு எந்த இடம்?" என்று அங்கிருந்து குரல் வரும். சின்னவள் சொல்வாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் "ஓ, அங்கயா" என்பாள். போகப் போக அந்த "ஓ"வும் சிறுத்துக்கொண்டே வந்தது. மருந்தின் அளவு கூடிற்று. இது ஒரு பந்தயம் என்பது சின்னவளுக்குத் தெரிந்தேயிருந்தது. ரேடியோ முந்துமா, மற்றது முந்துமா. அதைப்பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை.

கடைசியாக மிஞ்சியது முள். குமிழைத் திருப்பினால் ஒரு நூல் ஓடும், அந்த நூல் உள்ளே ஒரு சக்கரத்தைச் சுழற்றும், முள்ளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். சுத்தம் செய்ய முள்ளைத் தூக்கியதும் நூல் கையோடு வந்துவிட்டது. அப்பா கட்டிய நூல்.

அது ஒரு பழைய கதை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நூல் ஒரு தடவை அறுந்தது. அப்பா ஆபீஸில் பேரேடு எழுதுகிறவர், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னை இன்ஜினியர் என்று நினைத்துக்கொள்வார். கடைக்குக் கொடுப்பதா, நான் எதற்கு இருக்கிறேன் என்று அவரே உட்கார்ந்து நூலைச் சுற்றினார். குமிழில் சுற்றும்போது திசையை மாற்றிச் சுற்றிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டு ரேடியோவில் குமிழை வலப்பக்கம் திருப்பினால் முள் இடப்பக்கம் போகும். தப்பு என்று அப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "ரேடியோ சரியாத்தான் இருக்கு, நீங்கதான் தப்பா திருப்புறீங்க" என்றார். அம்மா வாதாடவில்லை. தன் கையை மாற்றிக்கொண்டாள், பார்க்காமலே சுற்றை எண்ணித் திருப்பப் பழகிவிட்டாள். பிள்ளைகளும் மாற்றிக்கொண்டார்கள். அடுத்தவர் வீட்டு ரேடியோவைத் தொட்டால் அண்ணனும் சின்னவளும் தப்பாகத்தான் திருப்புவார்கள், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் சின்னவள் அந்த வீட்டைவிட்டுப் போய் முப்பது வருஷமாகிவிட்டது. மீட்டர் அறையில் எல்லாக் குமிழும் வலப்பக்கம் திருப்பினால் ஏறும், இடப்பக்கம் இறங்கும். முப்பது வருஷம் அதையே திருப்பி அவளுடைய கை ஊர் வழக்கத்துக்குப் போய்விட்டது. போதாக்குறைக்கு அவளுடைய பிழைப்பே சரி தப்பு பார்ப்பது. பழைய ரேடியோக்காரர்கள் போட்டு வைத்திருந்த படம் ஒன்று கிடைத்தது. அதில் நூல் எப்படிப் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தது. அப்பாவின் நூலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அம்புக்குறி காட்டியபடி சுற்றினாள். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவை நின்றது. அப்பாவின் தப்பை நாற்பது வருஷம் கழித்துச் சரி செய்துவிட்டேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தினால் அம்மா சிரிப்பாள் என்றெல்லாம் யோசித்துக்கூட வைத்திருந்தாள்.

ரேடியோ பேசியது இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு. முள்ளைப் பார்த்துக்கொண்டே திருப்பினாள், நிலையம் வர வேண்டிய கோட்டில் அட்சரம் பிசகாமல் வந்தது. அம்மா மருந்து மயக்கத்தில் இருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. வலது கைப்பக்கம், பழைய நாளில் இருந்த அதே இடத்தில் ரேடியோவை வைத்தாள். ஆபீஸில் ஒரு தொகுதி மீட்டருக்கு அவள்தான் சீல் போட வேண்டும். ஒவ்வொருவர் குறட்டுக்கும் ஒரு எண் உண்டு, அவளுடையது முப்பத்தேழு, அதை வேறு கை தொடக் கூடாது. பத்து மணிக்குள் முடித்துவிட்டு வந்துவிடுவேன், பத்தரைக்கு நானே போட்டுக் காட்டுகிறேன் என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். போன இடத்தில் ஒரு மீட்டர் வேகமாக ஓடியது. இன்னொருத்தியாக இருந்தால் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருப்பாள். சின்னவள் அதை மூன்று தடவை சோதித்தாள்.

டாக்டர் வந்து பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடக்கம் மறுநாள் காலை ஒன்பதுக்கு என்று முடிவாயிற்று. வண்டிக்காரர் வந்து வாசல் அகலத்தை அளந்தார். சின்னவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், கையெழுத்து போட்டாள், போட்ட இடத்தைச் சரிபார்த்தாள். ஒரு தாளில் அம்மாவின் வயதை ஒன்று குறைத்துப் போட்டிருந்தார்கள், அதைத் திருத்தச் சொன்னாள். பக்கத்து வீட்டு டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். சின்னவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல அவளிடம் ஒரு செய்தி இருந்தது, அது ஒரு பெரிய உபகாரமாக இருந்தது. ரேடியோ கேட்டுக்கொண்டே போய்விட்டார்கள். இவள் மூன்று மாதமாக ரிப்பேர் செய்தாள், இன்று காலைதான் ஓடியது. கேட்டவர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். குடுத்து வைத்த சாவு என்றார்கள். இனி உனக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். டீச்சர் அதை வாசலில் நிற்கிறவர்களுக்கும் கொண்டுபோய்ச் சொன்னார். நர்ஸம்மா மட்டும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மற்ற நாளில் வாய் ஓயாதவள்.

அண்ணன் நாலு மணிக்கு வந்தான். சரக்கைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். அம்மாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு, "ஹாரன் அடிச்சா முழிச்சிக்குவாங்க இல்ல?" என்றான். அது அவர்களுக்குள் ஒரு பழைய வேடிக்கை. லாரி தெருமுனையில் திரும்பும்போதே அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சின்னவள் சிரிக்க முயன்றாள், வாய் மட்டும் கோணிற்று. முன்னமே வந்திருந்த அண்ணி அவன் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"கடைசியா ரேடியோ கேட்டாங்களாமே. வாசல்ல சொன்னாங்க" என்றான்.

"ம்."

"நல்ல காரியம் பண்ணே சின்னவளே. என்னால எதுவும் ஆகல. நீயாவது பண்ணே." மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையணைப் பக்கத்தில் இருந்த ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கடித்த தடத்தைக் கட்டைவிரலால் தடவினான். "கொஞ்சம் போட்டுப் பாக்கட்டுமா? சத்தம் கம்மியா."

அவள் தலையாட்டினாள்.

அண்ணன் பார்க்கவில்லை. பார்க்காமல்தான் திருப்பினான். அந்த ரேடியோவை அந்த வீட்டில் யாரும் பார்த்துத் திருப்பியதில்லை. கண் அம்மாவின் முகத்தில் இருக்க, குமிழை இடது கோடிக்குக் கொண்டுபோய் முட்டவிட்டான். பிறகு வலப்பக்கம், அம்மா எண்ணுகிற மாதிரியே முணுமுணுத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, முக்கால்.

சர்ரென்று இரைச்சல்.

மறுபடி இடது கோடி. மறுபடி ஒன்று, இரண்டு, முக்கால். இரைச்சல்தான். "என்னடி, திரும்பவும் போச்சா?" என்று கேட்டான்.

சின்னவள் அவனுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கண்ணாடிக்குள் இருந்த முள்ளைப் பார்த்தாள். மீட்டரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள், அவளுக்கு வேறு மாதிரிப் பார்க்கத் தெரியாது. முள் இடது பாதியில், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நின்றது. அவன் எடுப்பதற்கு முன்னாலும் அது அங்கேயேதான் நின்றிருந்தது. நர்ஸம்மா விரல்களைப் பிரித்தபோதே சின்னவள் அதைப் பார்த்திருந்தாள், கண்ணில் பட்டது, மண்டைக்குள் போகவில்லை. நிலையம் இருப்பது வலது பாதியில். கண் தெரியாத ஒருத்தி குமிழின் இடது கோடியிலிருந்து இரண்டே முக்கால் சுற்றுப் போனால், அப்பாவின் நூலில் முள் வலது கோடியிலிருந்து கிளம்பும், நேரே அந்த நிலையத்தில் போய் நிற்பாள். இவள் நூலில் இங்கேதான் வந்து நிற்பாள்.

அவள் எழுந்து அண்ணன் கையிலிருந்து ரேடியோவை வாங்கி அணைத்தாள். "பேட்டரி போயிருக்கும்" என்றாள். காலையில் போட்ட பேட்டரி அது.

நர்ஸம்மா சமையலறையில் டீக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதைப் பார்த்ததுமே நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"அதான் சொன்னேனேம்மா..."

"அது அம்மா சொல்லச் சொன்னதா இருக்கும். நடந்ததைச் சொல்லுங்க."

நர்ஸம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அம்மா ஒன்பதரைக்கு விழித்தாள். கை தானாகப் பக்கத்தில் போயிற்று, ரேடியோவைத் தொட்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சின்னவள் வருகிறவரை பொறுக்கச் சொன்னதற்குச் சரி என்றாள். பத்தரை ஆயிற்று. இனி எங்கே பொறுப்பது, தபால் போய்விடும் என்று தானே போட்டாள். இடப்பக்கம் கோடிக்குத் திருப்பினாள், எண்ணிக்கொண்டு வலப்பக்கம் திருப்பினாள், இரைச்சல் வந்தது. எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று முதலிலிருந்து எண்ணினாள். மூன்று தடவை. அப்புறம் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். நான் பார்க்கட்டுமா என்று நர்ஸம்மா கேட்டதற்கு, என் கைக்குத் தெரியாததா என்று விடவில்லை. அதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. விரல் ஓய்ந்துபோனது.

"அப்புறம்?"

"மணி என்னன்னு கேட்டாங்க. பத்தே முக்கால்னேன். முடிஞ்சிருக்கும்னாங்க." நர்ஸம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அணைச்சிட்டாங்க. கையை மட்டும் அதுமேலயே வெச்சிருந்தாங்க. 'சின்னவகிட்ட நான் கேட்டேன்னு சொல்லிடுங்க. பாவம், மூணு மாசமா பாடுபட்டிருக்கா'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதாம்மா. அதுக்கப்புறம் பேசல."

சின்னவள் நின்றுகொண்டே இருந்தாள். ரேடியோ சரியாகத்தான் இருந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது? நான் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன் அம்மா, வேண்டுமென்று இல்லை, சரியாக இருக்கட்டும் என்றுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். முப்பது வருஷம் சோதித்தவளுக்கு அது தோன்றவில்லை. இதையெல்லாம் நினைத்தாள், ஆனால் எங்கேயும் வலிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் நர்ஸம்மா.

"தண்ணி கொதிக்குது பாருங்க" என்றாள் சின்னவள்.

மறுநாள் ஒன்பதுக்கு அடக்கம். சிறு தூறல் போட்டது, குடைகள் விரிந்தன, அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இடுகாட்டு வாசலில் டீச்சர் யாருக்கோ ரேடியோக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது சின்னவளுக்குக் கேட்டது. அவள் திருத்தவில்லை. தப்பைக் கண்டால் திருத்தாமல் நகரத் தெரியாதவள் குடையை விரித்துக்கொண்டு நகர்ந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணி படுக்கை விரிப்பை எடுத்துத் துவைக்கப் போட்டாள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து ஈரச் செருப்பைக் கழற்றினான். சின்னவள் அம்மாவின் அறை மேசையில் துணி ஒன்றை விரித்து, ரேடியோவைக் கவிழ்த்து வைத்து, பின்மூடியின் நாலு திருகுகளையும் கழற்றினாள்.

குமிழில் சுற்றியிருந்த நூலை இடுக்கியால் தளர்த்தினாள். படம் பக்கத்தில் இல்லை, இந்தச் சுற்றுக்குப் படமும் கிடையாது. அப்பா எப்படிச் செய்திருப்பார் என்று யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே, எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து சுற்றியிருப்பார். அவளும் ரேடியோவைத் திருப்பி எதிர்ப்பக்கமாக வைத்துக்கொண்டாள். நூல் ஒரு தடவை நழுவியது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி சுற்றி முடிச்சுப் போட்டாள்.

அண்ணன் உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா கேட்டாங்கல்ல?" என்றான். வாசலில் கேட்டது போதவில்லை, அவள் வாயால் வேண்டியிருந்தது அவனுக்கு.

சின்னவள் திருகை முடுக்கிக்கொண்டே, "கேட்டாங்க" என்றாள். "நல்லா கேட்டாங்க."

அவன் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். 

பத்தரை தாண்டி இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அவள் ரேடியோவை நிமிர்த்தி வைத்துப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். இடது கோடி. ஒன்று, இரண்டு. முக்காலுக்கு வரும்போது இரைச்சல் மெலிந்து, அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் துலங்கி வந்தது. யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள், அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தனக்கு மட்டும் உடைந்த நாற்காலியைப் போடுகிறார்களாம். சொல்லவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லையாம். குரல் அதை அவசரமில்லாமல் படித்தது.

நேற்றைய அங்கி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் அதன் பையிலிருந்து குறடை எடுத்தாள். அடியில் ஒரு ஈயக்குண்டும் துண்டுக் கம்பியும் கிடந்தன. பின்மூடியின் ஓரத்தில் தோல் உறைக்கு விட்ட துளைகள் இருந்தன, கம்பியை இரண்டு துளைக்குள் கோத்து, முனைகளை ஈயத்துக்குள் செருகினாள்.

"ரேடியோவுக்கெல்லாம் எதுக்குடி சீல்?" என்றான் அண்ணன்.

"சோதிச்சாச்சு. இனிமே யாரும் திறக்க வேண்டாம்."

குறடை அழுத்தினாள். ஈயம் நசுங்கி முப்பத்தேழு பதிந்தது. நாற்காலிக்காரியின் கடிதம் முடிந்து அடுத்த கடிதம் தொடங்கியது. அவள் ரேடியோவை அணைக்காமல் கொண்டுபோய், விரிப்பில்லாத மெத்தையின் மேல், தலையணைக்கு வலப்பக்கம், குமிழ் வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள்.

அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி, இன்னும் இரண்டு விரல் அளவு உள்ளே, கை எட்டுகிற இடத்துக்குத் தள்ளி வைத்தான்.